ஜன்னல் பெண்மணி குறித்துச் சில திருத்தங்கள்

ஜனவரி 6

அன்புள்ள பொடிசுக்கு,

முதலில் ஒரு திருத்தம். என் கணவர் கடலில் காணாமல் போகவில்லை. உன் அத்தான் குடிநீர் வாரியத்துப் பொறியாளர். படகைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். அக்கரைக்குப் போகிற சின்னப் படகில்கூட எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அவர் இறந்தது பொது மருத்துவமனையில், மஞ்சள் காமாலையில், ஒழுகுகிற குழாயைப் பற்றி நர்ஸிடம் புகார் சொல்லிக்கொண்டே. இதெல்லாம் உனக்குத் தெரியும். உன் ஹோட்டல் வரவேற்பறையிலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறாயே, அந்த விளம்பரத் தாளுக்குத்தான் தெரியவில்லை.

"கணவனின் கப்பல் திரும்பும் என்று நாற்பது ஆண்டுகளாகக் காத்திருக்கும் ஜன்னல் பெண்மணி." படத்துக்குக் கீழே இப்படிப் போட்டிருக்கிறார்கள். படத்தில் இருப்பது நான்தான். ஜன்னலும் என்னுடையதுதான். மற்றதெல்லாம் பொய். நான் அங்கே உட்காருவது யாருக்காகவும் காத்திருக்க அல்ல. கண்புரை அறுவைக்குப் பிறகு அந்த வெளிச்சத்தில்தான் எழுத்து சரியாகத் தெரிகிறது.

கதையைக் கட்டிவிட்டவர் யாரென்று விசாரித்துவிட்டேன். ஆரஞ்சு நிறக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுலாக்காரர்களைக் கூட்டிவருகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் குடைக்காரர். முன்பு மீன் ஏலக் கூடத்தில் விலை கூவிக்கொண்டிருந்தார். தொண்டைக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. துறைமுகத்தில் பெரிய கப்பல் நிற்கிற நாளெல்லாம் என் ஜன்னலுக்குக் கீழே நின்று எனக்கே கேட்கும்படி என் வாழ்க்கையைச் சொல்கிறார்.

தெரு மாறிவிட்டது. கயிற்றுக் கடை இருந்த இடத்தில் விடுதி. கயிற்றுக் கடைக்காரரே விடுதிக்காரர் ஆகிவிட்டார். மூலைக் கடையில் என் ஜன்னல் போட்ட காந்தப் பொம்மை விற்கிறார்கள், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்ள. அதையும் இங்கே செய்வதில்லை. ஏதோ ஒரு நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிறது. அதில் ஜன்னல் கதவு நீலம். என் கதவு பச்சை. கடைக்காரியிடம் சொன்னேன். "நீலந்தாம்மா போகுது" என்றாள்.

என் உடம்புக்கு முழங்காலைத் தவிர ஒன்றும் குறையில்லை. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பனியில் வெளியே போகாதே. இன்னொன்று: உன் கடிதத்தில் கஞ்சி வாசனை இல்லையே? சலவை அறையில் உட்கார்ந்துதான் எழுதுவாய். உறையைப் பிரித்ததும் கஞ்சியும் இஸ்திரிச் சூடும் மணக்கும். இந்த முறை வெறும் காகிதம். கஞ்சியை மாற்றிவிட்டார்களா?

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

கப்பல் தலைவரின் மனைவிக்கு வணக்கம். அத்தான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கப்பல் ஓட்டுவதை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

நான் நலம். இடுப்பு பரவாயில்லை. இங்கே ஏரிக்கரையில் பனி கொட்டுகிறது. வேலை முன்புபோல் நெரிசல் இல்லை. நிறைய ஓய்வு கிடைக்கிறது. கஞ்சியை மாற்றியது உண்மைதான். உன் மூக்குக்கு எதுவும் தப்பாது.

குடைக்காரரைக் கோபித்துக்கொள்ளாதே, அக்கா. அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் கதவின் நிறத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

பொடிசு


பிப்ரவரி 18

அன்புள்ள பொடிசுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். உன் கடிதம் எப்போதும் சின்னதுதான். இந்த முறை மிகவும் சின்னது. ஓய்வு கிடைக்கிறது என்று எழுதுகிறவள் ஓய்வாக எழுதலாமே.

போன வாரம் நானே கீழே இறங்கிப் போனேன். கப்பல் வந்திருந்த நாள். ஜன்னலுக்கு அடியில் ஒரு கூட்டமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வாசல் படியில் நின்று, நம் கான்வென்ட் பள்ளி மதர் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் நிற்கச் சொல்வாரே, அதுபோல் நிமிர்ந்து நின்று, ஆங்கிலத்தில் பேசினேன். என் கணவர் மாலுமி அல்ல, பொறியாளர் என்றேன். இந்த ஊரில் நீங்கள் கை கழுவும் குழாய்கள் பாதி அவர் போட்டவை என்றேன். மருத்துவமனையில் இறந்தார், அப்போது நான் பக்கத்தில் இருந்தேன், ஆகவே யாருக்காகவும் காத்திருக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை என்று முடித்தேன். கை தட்டினார்கள்.

குடைக்காரர் ஓடி வந்தார். "அம்மா, நீங்க மேல போங்கம்மா. கதையில ஓட்டை விழுது."

"கதையே ஓட்டைதான். எந்தக் கப்பல்ல போனாரு எங்க வீட்டுக்காரரு?"

"பேரெல்லாம் சொல்றதில்லம்மா. சொன்னா போன்ல தட்டித் தேடிப் பாப்பாங்க."

"உண்மையைச் சொன்னா என்ன?"

"கொழா இன்ஜினியர்னு சொன்னா யாரும்மா நின்னு படம் எடுப்பாங்க? ரெண்டு மணி நேரந்தான் கப்பல் விடுவான். சாப்பாடு, தூக்கம் எல்லாம் கப்பல்லயே. இங்க அவங்க நிக்கிற ஒரே எடம் உங்க ஜன்னல்தான்."

கதையை ஒழித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த கப்பலுக்கு இரண்டு மடங்கு கூட்டம். ஜன்னல் வழியாகக் கேட்டேன். அந்த மனிதர் என்ன சொல்கிறார் தெரியுமா? "துக்கம் தாங்க முடியாமல், தன் கணவர் ஒரு குழாய்ப் பொறியாளர் என்று இவர் தனக்குத் தானே நம்பிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து அந்த நம்பிக்கையைக் கலைக்காதீர்கள்." ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

மேலே காகிதத்தில் ஓட்டை தெரிகிறதா? கோபத்தில் பேனா குத்தியது.

இன்னொரு விஷயம். நீ சலவை மேற்பார்வை பார்க்கிறவள் என்பதால் கேட்கிறேன். விடுதிக்காரர் பின்கட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார். அவரைப் பார்த்து அடுத்தவரும், அவருக்கு அடுத்தவரும். அதற்குப் பிறகு என் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை. எவ்வளவு தேய்த்தாலும் திரித்திரியாக ஒட்டுகிறது. சோப்பில் கோளாறா?

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

சோப்பில் கோளாறு இல்லை. தண்ணீரில்தான். ஒரு வாய் குடித்துப் பார். நாக்கின் ஓரத்தில் கரித்தால், கடல் உள்ளே வருகிறது என்று அர்த்தம். நல்ல தண்ணீரை அளவுக்கு மேல் இழுத்தால் அந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் வந்துவிடும். அத்தான் இருந்திருந்தால் விடுதிக்காரரின் காதைத் திருகியிருப்பார். குடிக்க வேறு தண்ணீர் வாங்கிக்கொள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே, அக்கா. தண்ணீர்தான் முதலில் சொல்லும்.

அத்தான் குழாய்ப் பொறியாளர் என்று நீ நம்பிக்கொண்டிருப்பதை நானும் கலைக்க மாட்டேன்.

ஒன்று கேட்கட்டுமா? உன் மாடி அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா? காற்றோட்டமான அறை. சும்மா பூட்டி வைத்திருப்பதற்கு, யாராவது இருந்தால் உனக்கும் துணை. யோசித்துப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பொடிசு


ஏப்ரல் 8

தங்கைக்கு,

நலம்.

தண்ணீர் கரிக்கிறது. நீ சொன்னது சரி.

மாடி அறை விஷயத்தில் நீ சொன்னது சரியில்லை. விடுதிக்காரர் ஆறு மாதமாக அந்த அறையைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். "ஜன்னல் அம்மா வீட்ல தங்கலாம்னு போட்டா, சீசன் முழுக்க புக் ஆயிடும்மா" என்கிறார். அவர் கேட்கலாம், வியாபாரி. என் கூடப் பிறந்தவள் நீயுமா? வாழ்நாள் முழுவதும் ஹோட்டலில் இருந்துவிட்டால் காலி அறையைப் பார்த்ததும் ஆளைப் படுக்க வைக்கத்தான் தோன்றும் போலிருக்கிறது.

தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை அந்த மாடியில் ஒருவரும் வந்து தங்கப் போவதில்லை. எனக்குத் துணை தேவையில்லை. உன் அத்தானின் வரைபடங்களும் மேசையும் அங்கே இருக்கின்றன. அவை போதும்.

ஜன்னலையும் இன்றோடு சாத்திவிட்டேன். பச்சைக் கதவை வேண்டுமானால் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

அக்கா


மே 27

அன்புள்ள பொடிசுக்கு,

நலமா? பதிலே இல்லை. தபால்காரரிடம் கேட்டேன். "வெளிநாட்டுத் தபால் ஒண்ணும் வரலம்மா. வந்தா ஒளிச்சா வச்சுக்கப் போறேன்?" என்றார். உனக்குக் கோபமென்றால் கோபத்தை எழுது. நான் எழுதவில்லையா?

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நீ சிரிப்பாய்.

ஜன்னலைச் சாத்தியதும் தெருவே திரண்டு வந்தது. மூலைக் கடைக்காரி, எதிர்வீட்டுத் தையல்காரி, விடுதிக்காரர், பின்னால் குடையை மடக்கிப் பிடித்தபடி குடைக்காரர். தையல்காரி நல்லவள். சுற்றுலாக்காரர்களுக்குத் துணிப்பை தைத்து விற்கிறாள். அவள்தான் பேசினாள்.

"அம்மா, நீங்க ஜன்னல்ல இருந்தா அவங்க நிக்கிறாங்க. நின்னாத்தான் திரும்பிப் பாக்கறாங்க. திரும்பிப் பாத்தாத்தான் என் கடை தெரியுது. இப்ப நிக்காமயே கோட்டைக்குப் போயிடறாங்க."

"நான் என்ன உங்க கடைக்கு விளம்பரப் பலகையா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. முன்னாடி ஊர்க்காரங்க துணி தைக்கக் குடுத்தாங்க. அவங்கல்லாம் வீட்டை விடுதிக்கு விட்டுட்டு ஊருக்கு வெளிய போயிட்டாங்க. இப்ப எனக்கு இவங்க மட்டுந்தான்."

ஆனாலும் கதவைத் திறக்கவில்லை.

அடுத்த கப்பல் வந்த அன்று கீழே பழையபடி ஒரே ஆரவாரம். கதவிடுக்கில் பார்த்தேன். எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்வீட்டைப் பார்க்கிறார்கள். தையல்காரியின் மாடி ஜன்னலில், அவள் துணி மாட்டி நிறுத்தும் ஆளுயரப் பொம்மை உட்கார்ந்திருக்கிறது. தலையில் நரை முடி, தோளில் சால்வை, மடியில் ஒரு புத்தகம். புத்தகம் தலைகீழாக இருக்கிறது. குடைக்காரர் என் வாழ்க்கையை அதற்குக் கொடுத்துவிட்டார்!

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கூன் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்! நான் ஒரு நாளும் கூன் போட்டதில்லை. கப்பல் கிளம்பியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் மாடியேறிப் போனேன். பொம்மையின் முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து நிமிர்த்தினேன். முழங்கை மேசையில் படாமல் எடுத்து வைத்தேன். புத்தகத்தைத் திருப்பினேன்.

"பொம்மைக்குத்தானேம்மா" என்றாள் தையல்காரி.

"பொம்மை என் பேர்ல உக்காந்திருக்கு" என்றேன்.

இப்போது கப்பல் நாளில் காலையில் நானே போய் அதைச் சரிசெய்துவிட்டு வருகிறேன். இல்லாவிட்டால் சால்வையை மப்ளர் மாதிரி சுற்றிவிடுகிறார்கள்.

குடிக்கும் தண்ணீர் இப்போது கேனில் வாங்குகிறேன். கிணற்று ஓரத்து எலுமிச்சைச் செடியின் இலைகள் நுனியில் கருகுகின்றன.

பதில் எழுது.

உன் அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் கோபம் இல்லை. நலமாக இருக்கிறேன். நீ நலமா?

பொம்மையை நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூனை நிமிர்த்தினாய், சரி. மதர் பார்ப்பாரே, அதுபோல் விரல் நகத்தைப் பார்த்தாயா?

இனிமேல் கடிதத்தை ஹோட்டலுக்கு அனுப்பாதே. உறையின் பின்பக்கம் எழுதியிருக்கும் ரொட்டிக் கடை விலாசத்துக்கு அனுப்பு. ஹோட்டலில் ஏதேதோ மாற்றுகிறார்கள், தபால் ஒழுங்காகக் கைக்கு வருவதில்லை.

எலுமிச்சைச் செடிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதே. கேன் தண்ணீரில் ஒரு குவளை ஊற்று. பிழைத்துக்கொள்ளும்.

பொடிசு


ஜூலை 14

அன்புள்ள பொடிசுக்கு,

இந்தக் கடிதம் சின்னது.

நேற்று தையல்காரி கடையில் ஒரு தம்பதி பை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பொம்மையைச் சரிசெய்துவிட்டு இறங்கி வந்தேன். எந்த நாடு என்று கேட்டேன். உன் நாட்டுப் பெயரைச் சொன்னார்கள். என் தங்கை அங்கேதான் இருக்கிறாள், பெரிய ஏரிக்கரை ஹோட்டலில் சலவை மேற்பார்வையாளர் என்று, சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: அந்த ஏரிக்கு இப்போது யாரும் போவதில்லை, தண்ணீர் பச்சையாகி நாற்றமடிக்கிறது, ஹோட்டலைப் போன இலையுதிர் காலத்திலேயே மூடிவிட்டார்கள். அதனால்தான் தாங்களே இந்த வருடம் ஏரியை விட்டுவிட்டு இங்கே கடலைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். போன செப்டம்பர் கடிதம் வரை கஞ்சி வாசனை இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை.

நீ எங்கே இருக்கிறாய்? எங்கே தூங்குகிறாய்? என்ன சாப்பிடுகிறாய்? மார்ச் மாதம் மாடி அறையைக் கேட்டாயே, யாருக்காகக் கேட்டாய்?

உண்மையை எழுது. என்னைச் சிரிக்க வைக்க வேண்டாம்.

உன் அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தத் தம்பதி சொன்னது உண்மை.

நான் ரொட்டிக் கடையின் பின்னறையில் இருக்கிறேன். மாவு மூட்டைகளோடு. ஹோட்டலுக்கு வந்த உன் கடிதங்களைத் தபால்காரர் நினைவு வரும்போது இங்கே கொண்டுவந்து கொடுத்தார். அடுப்புச் சுவர் பக்கத்திலேயே இருப்பதால் குளிர் தெரிவதில்லை. காலையில் தட்டங்களைக் கழுவி, தரையைத் துடைத்துக் கொடுக்கிறேன். ரொட்டிக் கடைக்காரரும் அவர் மனைவியும் நல்லவர்கள். ஆனால் அவர்களும் வருகிற வசந்தத்தில் கடையை மூடிவிட்டு மகளிடம் போகப்போகிறார்கள். வாங்க ஆள் இல்லாத ஊரில் யாருக்கு ரொட்டி சுடுவது?

எப்படி ஆயிற்று என்று கேட்பாய். எனக்குத் துணியில்தான் தெரிந்தது. ஏரித் தண்ணீரில்தான் எங்கள் சலவை. மூன்று வருடங்களுக்கு முன்பு ஹோட்டலில் ஒரு அறைகூடக் காலி இல்லாத கோடை. கரை நெடுக எத்தனையோ புது விடுதிகள். எல்லோருடைய கழிவுக் குழாயும் ஏரியில்தான் போய் விழுந்தது. அந்தக் கோடையில் வெளுத்து இஸ்திரி போட்ட விரிப்பில் ஒரு பச்சை வாடை வந்தது. மேலாளரிடம் சொன்னேன். "வாசனைத் தைலம் கொஞ்சம் கூட ஊத்துங்க" என்றார். ஊற்றினோம். அடுத்த கோடையில் விருந்தினர்களே கேட்டார்கள். அதற்கடுத்த கோடையில் கேட்க யாரும் வரவில்லை. அவர்களுக்கு என்ன, வேறு தண்ணீர் இருக்கிறது, உன் கடல் இருக்கிறது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்கா. என் வீட்டுக்காரர் அந்த ஹோட்டல் சமையலறையில் சமைத்துத்தான் நாங்கள் வாழ்ந்தோம். அவர் போன பிறகும் அந்த விரிப்புகள்தான் எனக்குச் சோறு போட்டன. சிலர் கிளம்பும்போது கசங்கிய படுக்கையைத் தாங்களே இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போவார்கள், என் வேலையைக் குறைக்கிறார்களாம்.

அந்த விளம்பரத் தாளை நான் எடுத்தது, வரவேற்பறை மேசையை ஏலத்துக்காக வெளியே தூக்கிப் போட்ட அன்று. பனியில் நனைந்துகொண்டு கிடந்தது. பார்த்தால் உன் முகம். பணியாளர் குடியிருப்பையும் அன்றைக்கே பூட்டினார்கள். பெட்டியோடு தெருவில் நின்றுகொண்டு உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடி அறையை எனக்காகத்தான் கேட்டேன். நேராகக் கேட்டிருக்கலாம். நீ பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதெல்லாம் பின்னால் நின்று கைதட்டியவள் நான். ஐம்பது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வெறும் பெட்டியோடு உன் வாசலில் வந்து நிற்க வெட்கமாக இருந்தது. ஏப்ரல் கடிதம் வந்த பிறகு மறுபடி கேட்க வாய் வரவில்லை.

உன் கிணற்றை மட்டும் விட்டுவிடாதே. உன் மாடி அறையையும் கேட்கும் அளவுக்கு இப்போது உங்கள் தெருவில் கூட்டம். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

பொடிசு


செப்டம்பர் 16

அன்புள்ள பொடிசுக்கு,

முதலில் ஏப்ரல் கடிதத்தைக் கிழித்து ரொட்டி அடுப்பில் போடு. அது விடுதிக்காரருக்கு எழுத வேண்டியது. விலாசம் மாறி உனக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது, என் முழங்கால் நலமில்லை. மாடியை நானே துடைத்ததால். உன் அத்தானின் வரைபடங்களைச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். மேசை அங்கேயே இருக்கட்டும், உனக்கு எழுதிப் படிக்க ஆகும். கட்டில் தையல்காரி கொடுத்தாள். பழையது, ஆனால் ஆடவில்லை. உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

இனி தெருவிஷயம். எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். உட்காரச் சொல்லி, விடுதிக்காரருக்கு மட்டும் ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தேன். மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார். விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"விழுங்குங்க. உங்க போர் போட்ட பிறகு நான் குளிக்கிறது இதுலதான்" என்றேன்.

விழுங்கினார். "அம்மா, போரை நிறுத்தினா ஷவர்ல தண்ணி எப்படிம்மா வரும்? காலையில ஒருத்தன் அரை மணி நேரம் நிக்கிறான் ஷவருக்கு அடியில."

"லாரியில வரும், உங்க காசுல. காசு குடுக்கறது நீங்கன்னா, அரை மணி நேரம் நிக்கக் கூடாதுன்னு சொல்ற வாயும் உங்களுக்குத் தானா வந்துடும்."

பிறகு உன் கடிதத்தில் ஏரி வரும் பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். உன்னைக் கேட்காமல் வாசித்ததற்கு என்னைத் திட்டலாம். பச்சை வாடை அடித்த விரிப்பு வரும் இடத்தில் மூலைக் கடைக்காரி, "நம்ம தண்ணியில சோப்பு நுரைக்காதது மாதிரியா?" என்றாள். குடைக்காரர்தான் எழுந்தார். மீன் ஏலக் கூடம் மூடியபோது அங்கே கடைசியாகக் கூவியது அவர்தானாம். "இன்னொரு எடத்தையும் மூடிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல சார்" என்று விடுதிக்காரரிடம் சொன்னார்.

என் பக்கத்திலிருந்து நான் கொடுத்தது ஜன்னல். கப்பல் நாட்களில் காலையில் திறந்து வைத்து உட்காருவேன். விடுதிக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் மோட்டாரை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் ஒப்புக்கொள்ளவில்லை, இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கிணறு இன்றைக்கும் கரிக்கிறது. தினமும் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். நல்ல மழை பெய்து, மூன்றாவது ஆளுக்கும் புத்தி வந்தால் மாறும் என்கிறார்கள். மாறாமலும் போகலாம். எலுமிச்சையில் ஒரு துளிர் விட்டிருக்கிறது, கேன் தண்ணீரில். மதியத்துக்கு மேல் எனக்குப் பதிலாகப் பொம்மை உட்காருகிறது. நகம் வெட்டியாயிற்று.

குடைக்காரர் என்ன சொல்ல வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கணவர் இந்த ஊருக்குக் குழாய் போட்ட பொறியாளர் என்பது முதல் வரி. அவர் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா காத்துக்கிட்டிருக்கணுமே? காத்திருந்தாத்தான் நிப்பாங்க."

"காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். "என் தங்கச்சிக்காக. ஏரி கெட்டுப்போய், வேலை போய், ரொட்டிக் கடையில தட்டு கழுவிக்கிட்டிருக்கா. அவ வர்ற வரைக்கும் இந்த ஜன்னல்லதான் உக்காந்திருப்பேன். அப்படியே சொல்லுங்க. ஏரி எப்படிக் கெட்டுச்சுங்கிறதையும் சேத்துச் சொல்லுங்க."

அப்படியே சொல்கிறார். நேற்று ஜன்னலில் இருந்தபடி முழுவதும் கேட்டேன். கூவத்தான் செய்கிறார், ஆனால் ஒரு திருத்தம்கூட இல்லை. நிற்கிறார்கள். நிறையப் பேர் ஏரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்குப் பதில் தெரியவில்லை. என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டார், "தங்கச்சி எப்பம்மா வர்றாங்க?"

எனக்கும் தெரியாது. பயணச்சீட்டை நான் எடுத்து அனுப்புகிறேன், எந்தத் தேதிக்கு என்று மட்டும் எழுது. போனில் சொல்லாதே; போனில் எல்லாவற்றுக்கும் "ம்" என்பாய். எழுத்தில் பதில் வேண்டும்.

உன் அக்கா